எண்ணமும் இசைவும்

மூளைத்தண்டில் நேர்ந்த வாதத்தால் ஏறக்குறைய 15 ஆண்டுகளாகக் கைகால் அசைவும் பேச்சும் இழந்திருந்த அமெரிக்கப் பெண்மணி கேத்தி ஹட்சின்சன், ஓர் இயந்திரக் கையைத் தம் எண்ணத்தால் இயக்கி, காப்பிக் குப்பியை வாயருகே கொணர்ந்து தாமே பருகினார் என்ற செய்தி 2012ஆம் ஆண்டு 'நேச்சர்' ஆய்விதழில் வெளியாயிற்று. நோயுற்றோரின் இல்லங்களுக்கு நற்கருணை கொண்டு செல்கிறவர்கள் அந்தத் 'தாமே' என்ற சொல்லின் எடையை அறிவர்.

கையசைவை ஆளும் மூளைப் பகுதியில் 4 மில்லிமீட்டர் சதுரத் தகடு ஒன்றைப் பதித்திருந்தனர். அதன் 96 மின்முனைகள் நரம்பணுக்களின் துடிப்பை வாங்கிக் கணினிக்கு அனுப்பின; கணினி அதனை அசைவாகப் பெயர்த்தது. தம் கையை அசைப்பதாக அவர் எண்ணியபோதெல்லாம் அத்துடிப்பு எழுந்தது. அதாவது, இத்தனை ஆண்டுகளும் அவருடைய மூளை கட்டளையிட மறக்கவில்லை. சித்தம் ஏவ உறுப்புகள் ஆற்றும் வெளிச்செயலைப் பலவந்தம் தடுக்கலாம், சித்தத்தின் உள்செயலை எதுவும் பலவந்தப்படுத்த இயலாது என்று 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதியது இங்கு நினைவுக்கு வருகிறது. நரம்பின் துடிப்பே சித்தம் என்று நான் கூறவில்லை. அது சித்தத்தின் காலடியோசை எனலாம்.

இதுவரை மகிழ்ச்சியே. சிக்கல் அடுத்த படியில் எழுகிறது. பேச்சிழந்தோர் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும் சொற்களையே கணினியால் படிக்க முடிந்ததை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2025இல் 'செல்' இதழில் வெளியிட்டனர். திரையில் தோன்றிய வடிவங்களை எண்ணும்படி மட்டும் கேட்டபோது, எவரிடமும் சொல்ல நினையாத எண்களின் சுவடும் கணினிக்கு எட்டிற்று. ஆகவே ஆய்வாளர் ஒரு பூட்டு அமைத்தனர்: குறித்ததொரு கடவுச்சொல்லை மனத்துள் சொன்னால் மட்டுமே படிப்பு தொடங்கும். பாவம் உருவாகும் வழியைப் புனித பெரிய கிரகோரி தூண்டுதல், இன்புறுதல், இசைதல் என மூன்றாகப் பகுத்தார். இவற்றுள் எது எதுவென்று இயந்திரம் அறியாது. அந்தக் கடவுச்சொல், இசைவுக்கென்று மனிதர் வைத்த கதவு. பொறியாளர்கள் ஒழுக்கவியல் ஏட்டைத் திறவாமலே அவ்விடம் வந்து சேர்ந்திருக்கின்றனர்!

மற்றொரு வினா நம் கோவிலுக்குள்ளேயே காத்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் வழியாகவும் ஒருவர் பாவ அறிக்கை செய்யலாம் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 990ஆம் சட்டம். அம்மொழிபெயர்ப்பாளரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர் என்கிறது 983ஆம் சட்டம். கணினி அத்தகைய மொழிபெயர்ப்பாளராகுமா? கேட்டதை அது பதிந்து வைக்கக்கூடும்; அப்பதிவை வேறொருவர் திறக்கக்கூடும். அது தவறாகப் பெயர்ப்பதும் உண்டு. 1,25,000 சொற்கள் கொண்ட தொகுதியிலிருந்து அந்த ஆய்வு எட்டிய உயர்ந்த துல்லியம் 74 விழுக்காடு. நான்கில் ஒரு சொல் பிழையானால், செய்யாத பாவத்தையும் அது ஒருவர் பெயரில் உரைத்துவிடும்.

அத்தகைய ஒருவர் ஒப்புரவு நாடினால், கணினியை அணைக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டு, கண்ணிமையால் ஆம், இல்லை எனக் காட்டச் சொல்வேன். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.