கீழே விரிப்பதா, மேலே மாட்டுவதா

(ஈப்போ, புந்தோங். பள்ளி ஆண்டு விடுமுறை. தையல் சொல்லிக்கொடுக்கும் அம்மாள் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். கேட்பவளும் தோட்டத்துப் பிள்ளைதான். இப்போது டவுனில் கணக்கெழுதும் வேலை, இரண்டு பிள்ளைகள், ஓயாத தையல் ஆசை.)

சீடை: டீச்சர், இந்த ஊர் வெயிலுக்குப் போர்வை எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்கிறார். மெஷின் வாங்கியாகிவிட்டது, நடுவில் வைக்கப் பஞ்சுத் தகடும் வாங்கியாகிவிட்டது. அவருக்குச் சொல்லப் பதில்தான் இல்லை.

குரு: அவர் கேட்டதில் தப்பில்லையே. உன் அம்மா ஒட்டுத்துணி சேர்த்துத் தைத்திருக்கிறாரா?

சீடை: தைத்திருக்கிறார். பழைய சேலையை நாலாக மடித்து, மேலே கைலித் துண்டு, மாவுச் சாக்குத் துணி என்று கிடைத்ததை வைத்து நீளமாக நூல் ஓட்டியிருப்பார். சுங்கை சிப்புட் பக்கம் லயத்தில் இருந்தபோது பிள்ளைகள் எல்லோரும் அதில்தான்.

குரு: அதைப் போர்த்தினீர்களா, அதன் மேல் படுத்தீர்களா?

சீடை: படுத்தோம். சிமெண்டுத் தரை, ராத்திரியில் ஜில்லென்று இருக்கும்.

குரு: பிறகென்ன, பதில் கிடைத்துவிட்டதே. வெள்ளைக்காரன் நாட்டில் அது மேலே. நமக்கு அது கீழே. மேலே ஏறுவது காய்ச்சலுக்கு மட்டும். ரப்பர் போட்ட தொடக்க காலத்தில் காட்டை அழித்த இடமெல்லாம் மலேரியா. நடுக்கம் கண்டவன் மேல் வீட்டில் இருந்த துணி அத்தனையும் ஏறும் என்று என் பாட்டி சொல்வார். சரி, பையில் என்ன?

சீடை: அம்மாவுடைய துணி. இரண்டு நைலக்ஸ் சேலை, ஒரு பாத்தேக் கைலி, மரம் சீவப் போகும்போது அம்மா மேலே போட்டுக்கொள்ளும் அப்பாவின் முழுக்கைச் சட்டை. இதையெல்லாம் சேர்த்து ஒரு போர்வை தைத்து வரவேற்பறைச் சுவரில் மாட்டப் போகிறேன். ஆனால் ஒரு மாதமாகப் பையைத் திறக்கிறேன், மூடுகிறேன். கத்தரிக்கோல் வைக்கக் கை வரவில்லை.

குரு: இரண்டு சேதி சொல்லிவிட்டாய். வெட்டப் பயம், மாட்ட ஆசை. முதலில் பயத்தைச் சொல்.

சீடை: முழுசாக இருப்பதைத் துண்டாக்கினால் அம்மாவையே துண்டாக்குகிற மாதிரி இருக்கிறது. என் தாத்தா வாழ்ந்த தோட்டத்தையும் அப்படித்தான் துண்டாடினார்களாம். அவர் கடைசிவரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

குரு: ஐம்பதுகளில் அது நடந்தது. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டத்தை விற்றார்கள். வாங்கியவன் அதைச் சின்னச் சின்ன நிலமாக வெட்டி விற்றான். முழுத் தோட்டத்தைவிடத் துண்டுகளுக்கு விலை கூடுதல். நிலத்துக்கு விலை கிடைத்தது. அதில் வேலை செய்தவனுக்கு வேலையும் போயிற்று, லயமும் போயிற்று. உங்கள் சுங்கை சிப்புட்காரர், துன் வீ. தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டத்தை முழுசாக வாங்கப் பார்த்தார்கள். ஆனால் வெட்டுவதெல்லாம் ஒரே வெட்டு இல்லை. கோலகங்சார் சாலையில் இருக்கும் சயாமியர் கோயிலுக்குப் போயிருக்கிறாயா?

சீடை: பிள்ளைகளோடு போயிருக்கிறேன். படுத்திருக்கும் புத்தர்.

குரு: அங்கே பிக்குகள் உடுத்தும் சீவரத் துணியைப் பக்கத்தில் நின்று பார். கட்டம் கட்டமாக ஒட்டுப்போட்டிருக்கும். புத்தர் மகத நாட்டில் நடந்து போகும்போது வரப்பு கட்டிய நெல் வயல்களைப் பார்த்து, இந்த மாதிரி சீவரம் தைக்க முடியுமா என்று ஆனந்தரைக் கேட்டாராம். விநய நூலில் இருக்கிறது. நல்ல துணி கிடைத்தாலும் அதை வெட்டித் தைத்துத்தான் உடுத்த வேண்டும். வெட்டிய துணியைத் திருடன் தொடமாட்டான், சந்தையில் விலை போகாது. தோட்டத்தை வெட்டியவன் விலை ஏறட்டும் என்று வெட்டினான். சீவரத்தை விலை இறங்கட்டும் என்று வெட்டினார்கள். உன் கத்தரிக்கோல் யார் பக்கம்?

சீடை: நான் விற்கப் போவதில்லையே.

குரு: காசுக்கு விற்கமாட்டாய். வீட்டுக்கு வருகிறவர்கள் "அடடா, எவ்வளவு அழகு" என்று சொல்ல வேண்டும், அதற்குத்தானே சுவர்? அதுவும் ஒரு விலைதான்.

(கொஞ்சம் கடுமையான பேச்சு. ஆனாலும் சீடை முகம் சுளிக்கவில்லை.)

சீடை: அது இருக்கட்டும் டீச்சர், போன வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டைக்குப் போனோம். காரில் போகும்போது மடியில் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே போனேன். விடுமுறையில் எனக்குக் கிடைக்கும் தையல் நேரமே அதுதான். ஒரு ஊர் போனால் ஒரு கட்டம் முடியும்.

குரு: கோட்டையில் எந்த அறையில் யார் தூங்கினார்கள் என்று எழுதியிருந்ததா?

சீடை: யாரும் தூங்கவில்லையே. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் அந்தப் பெரிய மாளிகையைத் தொடங்கினார், 1926-இல் லிஸ்பனில் இறந்துவிட்டார். மாளிகை பாதியில் நின்றுவிட்டது.

குரு: பக்கத்தில் மாரியம்மன் கோயில் பார்த்தாயா?

சீடை: பார்த்தோம். விஷக் காய்ச்சலில் வேலையாட்கள் செத்துப்போக, நம் ஆட்கள் கேட்டு அவர் கட்டிக்கொடுத்ததாம். மேலே சாமி சிலைகளோடு சிலையாகக் கோட்டு சூட்டு போட்ட துரையும் நிற்கிறார். மகன் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தான்.

குரு: மாளிகை பார்க்க மட்டும். கோயிலில் இன்றைக்கும் விளக்கு எரிகிறது. துரை எந்த இடத்தில் நிலைத்தார் என்று நீயே சொல்.

சீடை: நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் டீச்சர், சனங்கள் டிக்கெட் எடுத்துப் பார்க்கப் போவது மாளிகையைத்தான். அதற்குக் கல்லும் மண்ணும் சுமந்த நம் ஆட்களில் ஒருவர் பேராவது உங்களுக்குத் தெரியுமா?

குரு: தெரியாது.

சீடை: எனக்கும் தெரியாது. அதைத்தான் சொல்கிறேன். கீழேயே இருந்தால் அப்படித்தான் ஆகும். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு கறுப்பின மக்கள் ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வழி வந்தவர்கள், பருத்திக் காட்டில் உழைத்தவர்கள். அங்கே மிசௌரி பெட்வே என்ற அம்மா, கணவர் இறந்த பிறகு அவர் வயலுக்குப் போட்டுப்போன துணிகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார். அது 1942. அழுக்கும் சாயம் போன முழங்கால் பகுதியும் அப்படியே அதில் தெரிகின்றன. 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகளை மாட்டினார்கள், பிறகு நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகத்தில். 2006-இல் அந்த ஊர்ப் போர்வைகள் சில அஞ்சல்தலையிலும் வந்தன. சுவரில் ஏறியதால்தானே அந்த அம்மாவின் பேர் ஈப்போவில் இருக்கும் எனக்குத் தெரிகிறது?

குரு: அவர் தைத்தது சுவருக்கா?

சீடை: இல்லை. கணவரை நினைத்துக்கொண்டு போர்த்திப் படுக்க.

குரு: அப்படியென்றால் முதலில் போர்வை, அப்புறம்தான் சுவர். நீ நேரே சுவருக்குப் போகிறாய். சுவருக்கென்று தைத்தால் கை வேறு மாதிரி ஓடும். அழுக்கை ஒதுக்கும், கிழிசலை மறைக்கும், நல்ல பூவைப் பார்த்து வெட்டும். அந்தச் சட்டையை எடு, காட்டுகிறேன்.

(சட்டையின் வலது கை முழங்கைக்குக் கீழே ரப்பர்ப் பால் காய்ந்து, பழுப்பேறி, தோல் மாதிரி விறைத்திருக்கிறது. மரத்தில் கட்டிய மங்கில் இருந்து வாளிக்குப் பால் ஊற்றிய கை. துவைத்துத் துவைத்து மற்ற இடம் வெளுத்துவிட்டது, இது போகவில்லை.)

குரு: சுவருக்கு என்றால் இந்தக் கையை என்ன செய்திருப்பாய்?

சீடை: வெட்டிப் போட்டிருப்பேன். உண்மையைச் சொன்னால், முதுகுப் பக்கத்தை மட்டும் எடுக்கலாம் என்றுதான் கோடு போட்டு வைத்திருந்தேன்.

குரு: இதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். ஆனால் இதன் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதே. கந்தகம் சேர்த்துப் பக்குவப்படுத்தாத வெறும் கித்தாப்பால் இது. சூடு பட்டால் இளகிப் பிசுபிசுக்கும், பெட்டியின் அடியில் ஒட்டும், அடுத்து வைக்கும் துணியெல்லாம் பழுப்பு. நகத்தால் மடிப்பு எடு. ஊசி ஏறாது, சோப்புக் கட்டியில் ஒருமுறை குத்தி எடுத்துவிட்டுப் போடு, வழுக்கும். மெஷினில் தைக்காதே, கையால் தை. நைலக்ஸ் வேறு சங்கதி. அது சூட்டில் சுருங்கும், வெட்டிய ஓரத்தில் நூல் நூலாகப் பிரியும். பின்னால் மெல்லிசான பருத்தித் துணி வைத்து இரண்டையும் ஒன்றாகப் பிடித்துத் தை. பஞ்சுத் தகடே வேண்டாம். நடுவில் ஒரு பழைய பருத்திச் சேலை போதும். உன் வீட்டுக்காரர் வேர்க்கிறது என்று சொல்லமாட்டார்.

சீடை: சரி டீச்சர், கையை எடுக்கிறேன். ஆனால் விரிப்பு என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அம்மா விடியும் முன்னே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு போவார். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். எங்களை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு இருட்டில் மரத்தடியில் குனிந்துகொண்டே போவார். அப்புறம் ஒட்டுப்பால் பொறுக்குவதும் குனிந்துதான். வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் குனிந்து. தோட்டம் செம்பனையாக மாறி, லயத்தை இடித்து, தாமான் வீட்டுக்கு வந்த பிறகும் அவர் தரையில்தான் படுத்தார். கட்டில் வாங்கிப் போட்டும் ஏறவில்லை. நான் அவர் சட்டையையும் தரையில் போட்டு, அதன் மேல் என் பிள்ளைகளைப் படுக்கச் சொல்ல வேண்டுமா? ஒரே ஒரு தடவை அவர் மேலே இருக்கட்டுமே.

(குரு உடனே பேசவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.)

குரு: நான் சீவரத்தைச் சொன்னேன். அது துறந்தவன் துணி. துறக்க அவனிடம் ஏதோ இருந்தது. உன் அம்மாவிடம் என்ன இருந்தது என்று நான் யோசிக்கவில்லை.

சீடை: நான் சண்டைக்குச் சொல்லவில்லை டீச்சர்.

குரு: சண்டையாகவே இருக்கட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் மகளுக்குப் பாட்டியைத் தெரியுமா?

சீடை: மூன்று வயதில் பார்த்தது. ஞாபகம் இல்லை.

குரு: சுவரில் மாட்டினால் அவள் தினமும் அதைத் தாண்டிப் போவாள். ஒரு வாரத்துக்குப் பிறகு பார்க்கமாட்டாள். கேமரன் மலைக்கு எப்போது போகிறீர்கள்?

சீடை: சனிக்கிழமை. போகிற வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவியில் இறங்க வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். அதற்குள் முடிக்க முடியாது.

குரு: அடுத்த விடுமுறைக்கும் மலை அங்கேதான் இருக்கும். மேலே ராத்திரி நல்ல குளிர். அங்கே கொண்டுபோய் அவள் மேல் போடு. அந்த விறைத்த கை அவள் தாடையில் உரசும், இது என்ன என்று கேட்பாள். நீ சொல்வாய். திரும்பி வந்து சுவரில் மாட்டு.

சீடை: இரண்டும் செய்யலாமா?

குரு: பின்பக்கம் மேல் ஓரத்தில் நாலு அங்குல அகலத்தில் ஒரு பட்டியைக் குழாயாகத் தைத்துக்கொள். உள்ளே ஒரு கம்பை நுழைத்தால் சுவரில் நேராக நிற்கும். அந்தப் பட்டியை மட்டும் பெரிய தையலாகப் போடு. வேண்டாமென்றால் நூலை உருவிவிடலாம்.

சீடை: அவள் ஒன்றுமே கேட்காவிட்டால்?

குரு: சுவரிலேயே இருக்கட்டும். நீ சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்கிறேன். இப்போது அந்தக் கத்தரிக்கோலை அப்பால் வை. தோள்பட்டையில் தையலைப் பிரி. முழுக்கை தனியாக வந்த பிறகுதான் துணி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும், அப்புறம் எங்கே வெட்டலாம் என்று பார்ப்போம்.