அறியாதவரிடம் இலாபமா?

பட்டாளத்துக்காரர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு அயல்நாடு போகிறார். அவருடைய மனைவி மக்களோ ஊரும் பாஷையும் தெரியாமல் கடைவாசலில் வந்து நிற்கிறார்கள்.

1958 முதல் 1988 வரை பட்டர்வொர்த் விமானத்தளம் ஆஸ்திரேலிய விமானப்படையின் பொறுப்பில் இருந்தது. அவ்வீரர்களின் குடும்பங்கள் பல பினாங்கில் குடியிருந்தன. பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடமும் இருந்தது. வீட்டையும் பள்ளியையும் சர்க்கார் கொடுத்துவிடலாம். அன்றாட வாழ்வைப் பழக்கிக் கொடுப்பது அக்கம்பக்கமும் கடைவீதியுமே.

இறாத்தல் கணக்கில் பழகிய அம்மாளுக்கு அந்நாளில் நம் கட்டிக் கணக்குப் புதிது. 16 தாயில் ஒரு கட்டி. அது 1⅓ இறாத்தல். இதை விளக்கி நிறுத்துக் கொடுப்பது ஒரு வியாபாரம். விளங்காததைக் கண்டு விலையை ஏற்றுவது இன்னொரு வியாபாரம்.

“சொன்ன விலையை மனமொப்பித்தானே கொடுத்தார்கள், இதில் என்ன பாவம்?” என்று சிலர் கேட்கலாம். ஊர் விலை தெரிந்து சம்மதிப்பதே சம்மதம். தெரியாதவர் தலையாட்டுவது நம்மீது வைத்த நம்பிக்கை. அது அமானிதம், அதைக் காசாக்குவது மோசடி. “அவர்கள் வசதியுள்ளவர்கள்” என்ற சமாதானமும் செல்லாது. தராசு ஆள் பார்ப்பதில்லை.

இன்று சுங்கை வேயில் நம்மிடம் வரும் அயல்நாட்டார் பெரும்பாலும் தொழிலாளர்கள். ஆயினும் நியாயம் ஒன்றே. அண்டை வீட்டாருக்குச் சொல்லும் விலையையே அவர்களுக்கும் சொல்லுவோமாக!