புகையில்லா ஊர்தியும் இல்லறத்தார் கணக்கும்

கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் நம் இல்லங்களில் அண்மைக் காலமாக ஒரு பேச்சு அடிக்கடி எழுகின்றது. "மின்சார ஊர்தியே நமக்கு ஏற்ற ஊர்தி, அதில் தீயில்லை, புகையில்லை, ஆகவே ஹிம்சையும் இல்லை" என்பர் ஒரு சாரார். "மின்சாரம் எங்கிருந்து வருகின்றது? நிலக்கரியிலிருந்துதானே! நாம் இருந்தபடியே இருப்போம்" என்பர் மறுசாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் ஒரு பக்கத்தைப் பற்றிக்கொண்டு அதையே முழுமையெனச் சாதிப்பதை ஏகாந்தம் என்று நம் ஆசாரியர்கள் விலக்கியிருக்கின்றனர். ஆகவே இருவர் கணக்கையும் சற்றே விரித்துப் பார்ப்பது இல்லறத்தாராகிய நம் கடமை.

முதற்சாரார் கூறுவதை எடுத்துக் கொள்வோம். பெட்ரோல் வண்டி ஓடும் ஒவ்வொரு நொடியும் அதன் உருளைக்குள் பொறி எழுந்து எரிபொருள் வெடிக்கின்றது. தேயுகாயிக, வாயுகாயிக உயிர்களைப் பற்றிப் படித்த நமக்கு அதன் பொருள் விளங்கும். மின்சார ஊர்தியில் அவ்வெடிப்பு இல்லை என்பது மெய்யே. (மின்சாரமே உயிருடைய தீயா, அன்றா என்னும் வாதம் வடநாட்டுச் சுவேதாம்பர மரபினரிடையே நெடுங்காலமாக நடந்து வருகின்றது. அதற்குள் இங்கு நுழைய வேண்டியதில்லை.) ஆனால் வினை வரும் வழியை நம் நூல்கள் மூன்றாகப் பகுத்துள்ளன: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல். கிருதம், காரிதம், அநுமோதனை என்பன அவை. நம் வாயிலில் எழாத புகை வேறோரிடத்தில் நம் பொருட்டு எழுமாயின், அது கிருதத்திலிருந்து காரிதத்திற்கு மாறியதே தவிர நீங்கியதாகாது.

இந்திய மின்சாரத்தில் ஏறக்குறைய முக்காற்பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்து பிறக்கின்றது. நமக்கு நெய்வேலி தொலைவானதன்று. 2023 ஜூலையில் அங்கே சுரங்கப் பணிக்காகக் கால்வாய் வெட்டியபொழுது, வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிர் மீது இயந்திரங்கள் ஏறின. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். இருக்கட்டும். நம்முள் பெரும்பாலோர் உழவர் குடியினர்; கதிர் முற்றுமுன் பயிர் புதைவது என்னவென்று எவரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மின்கலத்தின் பிறப்பும் இறப்பும் இவ்வாறே கண்ணுக்கு அப்பாற்பட்டவை. பலவகை லித்தியம் மின்கலங்களில் கோபால்ட் என்னும் உலோகம் சேர்கின்றது. உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் பாதிக்கு மேற்பட்டது ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டிலிருந்து வருகின்றது. அங்கே கையால் தோண்டும் குழிகளில் சிறுவர்களும் உழைப்பதை 2016இல் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அறிக்கை உலகறியச் செய்தது. கோபால்ட் இல்லாத இரும்பு பாஸ்பேட் மின்கலங்களும் இருக்கின்றன. அதே அளவு மின்சாரத்திற்கு எடை சற்றுக் கூடும், அவ்வளவே. கடைக்குச் செல்லும் நாம் வண்டியின் நிறத்தைக் கேட்கின்றோம், எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்கின்றோம். மின்கலம் எவ்வகை என்று கேட்பவர் அரியர்.

வடநாட்டு நகரங்களில் பெருகியுள்ள மின்ரிக்‌ஷாக்களில் பெரும்பாலானவை ஈய மின்கலத்தால் ஓடுவன. தேய்ந்த ஈயக்கலங்கள் பழைய இரும்புக் கடைகள் வழியாகக் கொல்லைப்புற உலைகளுக்குச் சென்று உருக்கப்படும்பொழுது, அந்நஞ்சு அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் குருதியில் சேர்கின்றது. ஹிம்சைக்குரிய கருவியைப் பிறர் கையிற் கொடுத்தலை ஹிம்சாதானம் என்று அநர்த்ததண்டத்துள் வைத்தார் சமந்தபத்திர சுவாமிகள். நூறு இருநூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கின்றதென்று முகந்தெரியாதவனிடம் பழைய மின்கலத்தைத் தள்ளிவிடுவது அதனுள் அடங்குமா, அடங்காதா? அடங்கும் என்பதே நம் கருத்து. 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகள், பயன்தீர்ந்த கலங்களைத் திரும்பப்பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்தியிருக்கின்றன. எனவே வேறு வழியில்லை என்று சொல்லவும் இயலாது.

இத்தனையும் கேட்ட மறுசாரார் மகிழ்வர். அவர்கள் கணக்கையும் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படும். ஸ்கூட்டர் ஒன்று 100 கிலோமீட்டர் ஓட 2 லிட்டர் எனக் கொண்டால் 4.6 கிலோ. அதே தொலைவுக்கு மின் ஸ்கூட்டருக்கு 3 யூனிட் மின்சாரம் போதும். நம் நாட்டின் மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ என்ற கணக்கில் 2.1 கிலோ ஆகும். வழியில் கசியும் மின்சாரத்தையும் சேர்த்தால் இரண்டரை கிலோ எனலாம். நிலக்கரியே மிகுந்த இந்நாளிலும் ஏறத்தாழப் பாதிதான் ஆகின்றது. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் ஆடிக்காற்றில் சுழலும் காற்றாலைகள் பெருகப் பெருக, அதே வண்டியின் கணக்கு மேலும் குறையும். பெட்ரோல் வண்டியின் கணக்கு என்றும் குறையாது.

இல்லறத்தான் ஆரம்ப ஹிம்சையை முற்றும் நீக்க இயலாதவன் என்பதை அறிந்தே நம் பெரியோர் அணுவிரதம் வகுத்தனர். முழுதும் நீங்காது என்பதற்காகக் குறைப்பதையும் கைவிடலாம் என்று அவர்கள் சொல்லவில்லை. சமைப்பதிலும் உயிர்க்கேடு உண்டு; அதனால் நீரை வடிகட்டாமல் உலையில் வைக்கின்றோமா?

பாதியாகக் குறையும் என்றால் எல்லாரும் ஏன் மாறவில்லை? விலை ஒரு காரணம்; அதனை யாவரும் அறிவர். அச்சம் மற்றொன்று. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் மின்னேற்றத்திற்கு வைத்திருந்த ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் புகையில் மூச்சடைத்து மாண்டனர். அதன்பின் நடுவணரசு மின்கலப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. பெட்ரோல் வண்டிகளும் தீப்பற்றுவதுண்டு. அது நமக்குப் பழகிய தீ, இது பழகாத தீ.

நாம் சிறிது நின்று சிந்திக்க வேண்டிய தடை வேறொன்று. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்களில் பல இன்று அடுக்ககங்களில் வாழ்கின்றன. வாடகைக்குக் குடியிருப்பவர் கீழ்த்தளத்தில் 15 ஆம்பியர் இணைப்பொன்று வேண்டும் என்று கேட்டால், "பொது மீட்டரில் கட்டணம் ஏறும், தீப்பிடித்தால் யார் பொறுப்பு?" என்று குடியிருப்போர் சங்கம் மறுத்து விடுகின்றது. மறுப்போர் வரிசையில் நம்மவரும் அமர்ந்திருக்கின்றனர். மறுக்கப்பட்டவர் என்ன செய்கின்றார்? இரண்டாம் மாடிப் பலகணியிலிருந்து ஒரு நீட்டிப்புக் கம்பியைத் தொங்க விடுகின்றார். மழை நாளிலும் அது தொங்குகின்றது. தீயை அஞ்சி மறுத்தவர்களே தீக்கு வழி திறந்தவராகின்றனர். தனி மீட்டரும், உரிய கம்பியும், கசிவு நேர்ந்தால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியும் அமைத்துக் கொடுப்பது எந்த மின்பணியாளருக்கும் கைவந்த வேலை. ஒரு கூட்டத்தில் கையுயர்த்துவதும் வினையே என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். நாள் முழுதும் வண்டியில் உணவு சுமந்து விற்கும் இளைஞனுக்கே மின்வண்டியால் மிகுந்த சேமிப்பு. அவன் குடியிருக்கும் ஒற்றையறையிலோ வண்டி நிறுத்தவும் இடமில்லை. அவன் பொருட்டு மின்கல மாற்று நிலையங்கள் தெருவில் வருமாயின், நம் வாசலருகில் வேண்டாம் என்று மனு எழுதாதிருத்தல் வேண்டும்.

இவ்வூர்திகளின் குறையாகப் பெரிதும் பேசப்படுவது, ஒருமுறை மின்னேற்றினால் ஓடும் தொலைவுக்கு ஓர் எல்லை உண்டென்பது. இதனைக் கேட்கும்பொழுது நமக்குச் சிறு புன்னகை தோன்றுகின்றது. செல்லும் தொலைவுக்கு எல்லை வகுத்துக் கொள்வதைத் திக்விரதம் என்று விரதமாகவே கொண்ட சமயம் நம்முடையது. கடலையும் ஆற்றையும் மலையையும் எல்லையாக வைத்து, அவ்வெல்லைக்கு அப்பால் நுண்ணிய பாவமும் நேராமையின் அணுவிரதம் அங்கே மகாவிரதத் தன்மை எய்தும் என்று இரத்தினகரண்டகம் கூறுகின்றது. இன்று நடப்பதோ வேறு. ஓட்டச் செலவு குறைவென்று ஓட்டம் கூடுகின்றது. தெருமுனைக் கடைக்கும் வண்டி வேண்டியிருக்கின்றது. பெட்ரோல் காரை விற்காமலே மின்சாரக் கார் ஒன்றையும் வாங்கி நிறுத்துவோர் தாம் ஹிம்சையைக் குறைத்ததாக எண்ணுகின்றனர். அவர்கள் குறைத்தது பெட்ரோல் செலவை மட்டுமே, பரிக்கிரகம் ஒன்று கூடியிருக்கின்றது. ஓசையின்றி வருவதும் ஒரு குறை. ஐரோப்பிய நாடுகளில் 2019 முதல் புதுவகை மின்கார்கள் மெதுவாகச் செல்லும்பொழுது ஒலியெழுப்ப வேண்டும் என்பது விதி. நான்கு முழம் முன்னோக்கி நடக்கும் ஈர்யா சமிதியை முனிவர்களிடம் கண்டு வணங்கும் நாம், ஒலியற்ற வண்டியில் முதியோர் நடக்கும் சந்துக்குள் எவ்வாறு நுழைய வேண்டும் என்பதை விதி வரும்வரை காத்திருந்து கற்க வேண்டியதில்லை.

மேல்சித்தாமூர்த் தேர்த்திருவிழாவிற்குச் சென்னையிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். போய்த் திரும்ப 300. சிறிய மின்கார் நடுவில் மின்னேற்றாமல் இதனைத் தாண்டுவது அரிது. ஆகவே பெட்ரோல் காரே நல்லது என்று சொல்வோர் உளர். ஒரே தெருவிலிருந்து ஐந்து குடும்பங்கள் ஐந்து கார்களில் புறப்படுவதைப் பற்றி மட்டும் எவரும் பேசுவதில்லை. 2025 ஜூன் இறுதியில் சென்னை வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. நகரத்தளவில் பலர் கூடிச் செல்லும் மின்னூர்தி வந்துவிட்டது. நெடுந்தொலைவுக்கும் அது பரவலாகும்வரை, எந்த எரிபொருளாயினும் ஒரே பேருந்தில் ஐம்பது பேர் செல்வது பத்துப் பன்னிரண்டு கார்களை விடக் குறைவான கேடே. அடுத்த தேருக்குத் தாம்பரத்திலிருந்து ஒரு பேருந்தை அமர்த்துவது பற்றியும், மடத்து வளாகத்தில் யாத்திரிகருக்கு இரண்டு மின்னேற்றப் புள்ளிகள் அமைப்பது பற்றியும் நம் இளைஞர்கள் இப்பொழுதே பேசத் தொடங்கலாம்.