மணி அடித்தால் கை நிற்க வேண்டுமா?



நம் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் மிஷின் சத்தம் கேளாத தெரு அரிது. கூலியோ உருப்படிக் கணக்கு. எழுந்து தண்ணீர் குடித்தால், அந்த நேரத்துக்குக் கூலியில்லை. இப்படியிருக்க, நேரம் வகுத்து வேலை செய்யுங்கள், நடுவில் ஓயுங்கள் என்று நான் சொன்னால், "பூசை வைக்கிற சாமியாருக்கு என்ன தெரியும்?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஆயினும் கேள்வி நிற்கிறது: வேலையைப் பாதியில் நிறுத்துவது சோம்பலா, கடமையா?

வனத்து அந்தோணியார் ஒருநாள் மனச்சோர்வினால் வருந்தி, கடைத்தேறும் வழியைக் காட்டும்படி சர்வேசுரனிடம் முறையிட்டாராம். அப்போது தம்மைப் போன்ற ஒருவர் உட்கார்ந்து கயிறு பின்னுவதையும், எழுந்து ஜெபிப்பதையும், மறுபடி உட்கார்ந்து பின்னுவதையும் கண்டார். அவர் ஒரு சம்மனசு. பின்னும்போது பின்னினார், ஜெபிக்கும்போது ஜெபித்தார். இரண்டையும் கலக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

6-ம் நூற்றாண்டில் அர்ச். ஆசீர்வாதப்பரும் தம் மடத்தில் கைவேலைக்கு இன்ன நேரம், வாசிப்புக்கு இன்ன நேரம் என்று வகுத்தார். ஜெபத்துக்கு அழைப்புக் கேட்டால், கையிலுள்ளதை அப்படியே விட்டுவர வேண்டும். வேலை தாழ்ந்தது என்பதாலல்ல. மடத்துக் கருவிகளைப் பீடத்துப் பாத்திரங்களாகப் பாவிக்கச் சொன்னவரே அவர்.

1980-களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தைத் திருகி வைத்து, 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று ஒரு முறை கண்டார். நம் பிள்ளைகள் அதைக் கைப்பேசியில் செய்கிறார்கள். நல்லதே. ஆனால் அந்த ஐந்து நிமிடமும் அதே கைப்பேசியைப் பார்த்தால் அது ஓய்வாகுமா? மேலும், அந்த ஓய்வு அடுத்த வேலைக்காகவே இருக்கிறது. திங்கட்கிழமை அதிகம் தைக்கவா ஆண்டவர் ஞாயிற்றுக்கிழமையைத் தந்தார்? திரிகால மணி நம்மை ஓய்வெடுத்துக்கொண்டு வரச் சொல்லவில்லை. நாம் யாருடையவர்கள் என்று கேட்கிறது.

பரிசுத்த பாப்பு 13-ம் சிங்கராயர், 1891-ல் வெளியிட்ட நிருபத்தில், செலவழித்த பலத்துக்குத் தக்க ஓய்வு தொழிலாளிக்கு வேண்டுமென்று போதித்தார். 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும், அரைமணி இடைவேளையின்றி ஐந்து மணிக்குமேல் வேலை வாங்கலாகாது என்றது. வீட்டுத் திண்ணையில் தைக்கும் தாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கடனுக்காக இரவெல்லாம் மிஷின் மிதிக்கிறவளிடம், மணிக்கு ஏன் எழவில்லை என்று கேட்க எனக்கு வாய் வராது. சனிக்கிழமை இரவு வெட்டுத்துணியைக் கொடுத்து, ஞாயிறு மாலைக்குள் கேட்கிறவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். உங்களில் சிலர் நம் பங்கிலேயே இருக்கிறீர்கள்.

சென்ற மாதம் வீடு சந்திக்கப் போனபோது ஒரு தாயாரிடம் இதைப்பற்றிப் பேசினேன். "மணி பார்க்க முடியாது சாமி. பாபினில் நூல் தீர்ந்தால் எப்படியும் நிறுத்தித்தானே ஆகணும்? அப்போ எழுந்து இடுப்பை நிமிர்த்தி, ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லிக்குவேன்" என்றார்.

"நூல் எவ்வளவு நேரம் வரும் அம்மா?" என்றேன்.

"துணியைப் பொறுத்தது சாமி" என்று சொல்லி, மறுபடி மிஷினில் உட்கார்ந்தார்.