விலையும் பெறுமதியும்: ஒரு பூங்காவும் ஒரு பெருந்தெருவும்

நகரப் பூங்காவொன்றினூடே பெருந்தெரு அமைக்கலாமா என்னும் பிணக்கு எழும்போது, அது பொறியியலாளரும் கணக்காளரும் தீர்த்துக்கொள்ள வேண்டிய விடயமென்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. தூரம், செலவு, வாகனங்களின் தொகை ஆகியவற்றைக் கூட்டிக் கழித்தால் விடை தானே வந்துவிடும் என்பது இக்கருத்தின் அடிப்படை. ஆனால், நிறுக்கும் தராசே ஒரு பக்கம் சாய்ந்திருக்குமாயின், எவ்வளவு கவனமாக நிறுத்தபோதிலும் நீதி கிட்டுமா? இது கணக்கியலுக்கு அப்பாற்பட்ட அறவியல் வினாவாகும். ஐக்கிய அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு நீடித்த ஒரு பிணக்கு இவ்வினாவைத் தெளிவாக முன்வைக்கிறது.

மெம்பிஸ் நகரின் நடுப்பகுதியை அண்மி அமைந்த ஓவர்ரன் பூங்கா 342 ஏக்கர் பரப்புடையது. மிருகக்காட்சிச்சாலை, திறந்தவெளி அரங்கு, நடைபாதைகள் என்பவற்றோடு பெருமரங்கள் அடர்ந்த பழங்காடொன்றும் அதனுள் உண்டு. நாடளாவிய பெருந்தெரு வலைப்பின்னலின் ஒரு பகுதியாக, ஆறு தடங்கள் கொண்ட தெருவொன்றை இப்பூங்காவினூடே கொண்டுசெல்லும் திட்டம் 1950களில் உருவாயிற்று. 26 ஏக்கர் நிலம் அழியும்; மிருகக்காட்சிச்சாலை பூங்காவின் ஏனைய பகுதியிலிருந்து துண்டிக்கப்படும். குடிமக்கள் சிலர் திரண்டு எதிர்த்தனர். வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்றது.

தெருவை வேண்டியோரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நகர மையத்தையும் கிழக்குப் புறநகர்களையும் இணைக்கும் நேர்வழி அதுவே. அழியும் நிலம் பூங்காவின் பரப்பில் நூற்றுக்கு எட்டு வீதத்திலும் குறைவு. பூங்காவினுள் இடிக்கப்பட வேண்டிய வீடில்லை; வெளியேற்றப்பட வேண்டிய குடும்பமில்லை. மிகப் பெரும்பான்மையோரின் மிகப் பெரும் நன்மையே அறத்தின் அளவுகோல் என்ற பெந்தாமின் கொள்கையைத் துணைக்கொள்வோர், நாள்தோறும் பயணஞ்செய்யும் பல்லாயிரவரின் வசதியை, ஓய்வுநேரத்தில் உலாவ வருவோரின் இன்பத்தைவிட மேலானதாகக் கொள்ளக்கூடும்.

இவ்வாதத்தின் குறைபாடு அதன் முடிவிலன்று, தொடக்கத்திலேயே உள்ளது. வீடுகளூடே தெரு சென்றால் அரசு நட்டஈடு வழங்க வேண்டும். வணிக நிலையங்களூடே சென்றால் வருமான இழப்பை ஈடுசெய்ய வேண்டும். பூங்காவோ ஏற்கெனவே பொதுச்சொத்து. அதனை இழப்பவர் அனைவரும். ஆதலால் இழப்பீடு கோரி வருபவர் ஒருவருமில்லை. செலவை மட்டும் நிறுக்கும் தராசில் பூங்கா எப்போதும் மலிவாகவே தோன்றும். 1971 மார்ச்சில் நீதியரசர் தேர்கூட் மார்ஷல் எழுதிய தீர்ப்பு இவ்வுண்மையைச் சுட்டியது. செலவும் இடையூறும் பூங்காவுக்குச் சமமான நிறையுடன் கருதப்படுமாயின், பூங்காக்களுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியதில் பொருளில்லை என்பதே அதன் சாரம். வேறு நடைமுறைக்குரிய, விவேகமான வழி இருக்குமாயின் பூங்காவைத் தொடலாகாது என்று 1966ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. அவ்வாறிருந்தும் போக்குவரத்துச் செயலாளர் தாம் கண்ட காரணங்களை வெளியிடாமலே ஒப்புதல் அளித்திருந்தார். தெருவை நீதிமன்றம் முற்றாகத் தடைசெய்யவில்லை. முடிவு எவ்வாறு எட்டப்பட்டது என்பதை முழுமையாக ஆராயுமாறு வழக்கைக் கீழ்நீதிமன்றத்துக்குத் திருப்பியது.

இங்கு வலுவானதொரு மறுப்பு எழும். பூங்காவைக் காத்தால் தெரு யாருடைய வாசலில் சென்று முடியும்? மினசோட்டா மாநிலத்தின் சென்ற் போல் நகரில் ரொண்டோ என்னும் கறுப்பின மக்களின் குடியிருப்பைப் பிளந்துகொண்டே பெருந்தெரு சென்றது. மரங்களுக்காக வாதாட ஆளிருந்து, ஏழைகளுக்காக வாதாட ஆளில்லாதவிடத்துப் பூங்காக் காப்பு என்பது வசதியுள்ளோரின் சலுகையாகிவிடும். பொதுச்சொத்து என்ற சொல்லும் எச்சரிக்கையுடன் ஆளத்தக்கது. மெம்பிஸ் நகரப் பூங்காக்களிற் பல நெடுங்காலம் கறுப்பின மக்களுக்கு மூடப்பட்டிருந்தன. இப்பாகுபாட்டை நீக்கக் கால அவகாசம் வேண்டிய மாநகரின் கோரிக்கையை 1963இல் உயர் நீதிமன்றம் நிராகரித்தது. எல்லோரும் நுழைய முடியாத பூங்காவை எல்லோர் பெயராலும் காக்க முடியாது.

ஆயினும், இம்மறுப்பு தெருவுக்குச் சான்றாகாது. பூங்காவா, ஏழையின் வீடா என்று வினவும்போதே தெரு வந்துதான் ஆகும் என்பது விவாதமின்றி ஏற்கப்பட்டுவிடுகிறது. இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது, இரண்டுக்கும் விலை குறைவு என்று கணித்த அதே தராசுதான். ரொண்டோ மக்களுக்கும் ஓவர்ரன் மரங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு: முடிவு எடுக்கப்பட்ட மேசையில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை.

காலம் என்னும் கூறும் கருதற்குரியது. தெருவை அமைப்பதைப் பத்தாண்டு தள்ளிவைக்கலாம். வெட்டிய பழங்காட்டைப் பத்தாண்டில் வளர்க்க முடியாது. மீளப்பெற முடியாததை அழிப்போன், மீளப்பெறக்கூடியதை அழிப்போனைவிட வலுவான காரணம் காட்டக் கடமைப்பட்டவன். பின்வரும் தலைமுறையினர் விவாதத்திற் பங்குபற்ற முடியாதவர்கள். அவர்கள் சார்பிற் பேசக்கூடியது முன்கூட்டியே வகுக்கப்பட்ட விதி ஒன்றே.

முல்லைக்குத் தேரீந்த பாரியின் செயலைத் தமிழ் மரபு கொடைமடம் என்று போற்றியது. பூங்காவுக்காக வாதாடுவோரையும் உலகம் அவ்வாறே, நல்லுள்ளம் படைத்த கணக்கறியாதோராக நோக்குகிறது. மெம்பிஸ் குடிமக்கள் கோரியதோ கொடையன்று. கணக்கில் விடுபட்டதைக் கணக்கிற் சேர்க்குமாறு கோரினர். 1973இல் செயலாளர், வேறு வழியில்லை எனத் தம்மால் முடிவுகூற இயலாதென அறிவித்தார். 1981இல் அத்திட்டப்பகுதி கைவிடப்பட்டது. போக்குவரத்து நகரின் வடபுறச் சுற்றுவழியே செல்கிறது. 2011இல் பழங்காட்டின் 126 ஏக்கர் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. ஆனால், பூங்காவுக்கு மேற்கே தெருவுக்கென முன்னரே இடிக்கப்பட்ட வீடுகளின் நிலம், தெரு வராமலே ஆண்டுக்கணக்கில் வெறுமையாய்க் கிடந்தது. வினாவை முதலில் எழுப்பாது இடிப்பை முதலில் தொடங்கியதன் விலை அது. அவ்விலையைச் செலுத்தியோர் வினாவை எழுப்பியோருமல்லர், இடிக்க ஆணையிட்டோருமல்லர்.