விதையும் அறிவும்

இழந்த பின் அழுவது எளிது. இழக்குமுன் உற்று நோக்குவது அரிது. தில்லியைச் சேர்ந்த திரைப்படக் கலைஞர் அமர் கன்வர் ஒடிசாவில் படமாக்கிய 'குற்றம் நிகழ்ந்த இடம்' எனும் படைப்பு நம்மை அவ்வாறு நோக்கச் செய்கின்றது. 2012ஆம் ஆண்டு ஜெர்மனியின் காசல் நகரில் நடைபெற்ற டாக்குமெண்டா கலைக்காட்சியில் அது இடம்பெற்றது.

அதில் குருதி இல்லை, கூக்குரலும் இல்லை. காற்றில் அசையும் புல், நீர், வயல் இவையே தோன்றுகின்றன. ஆயினும் அவை தொழிற்சாலைகளுக்கெனக் குறிக்கப்பட்ட நிலங்கள் என அறிந்ததும், அழகே சாட்சியாகி விடுகின்றது.

அப்படைப்போடு, ஒடிசா உழவர் நடபர் சாரங்கி திரட்டிய இருநூற்றுக்கும் மேற்பட்ட நாட்டு நெல் வகைகளும் வைக்கப்பட்டன. இங்கே ஒரு வினா எழுகின்றது. விதையைப் பேழையில் காக்கலாம். எந்த நெல் வெள்ளத்தைத் தாங்கும், எது வறட்சியைப் பொறுக்கும் என்ற அறிவைக் காக்கும் பேழை எது? நிலத்திற்கு இழப்பீடு உண்டு. மூதாதையர் வழிவந்த அறிவோ எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாததனாலேயே அதனை இழப்பன்று எனக் கொள்வது அறமாகுமா?

கவிதை குற்றத்திற்குச் சான்றாகுமா எனக் கேட்கின்றார் கன்வர். ஆகும் என்போம், எனினும் சான்று மட்டும் போதாது. விதைக்காது வைத்த நெல் சில ஆண்டுகளில் முளைப்புத் திறனை இழக்கும். கேட்பாரற்ற அறிவும் அவ்வாறே. அறிந்தோர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். கேட்க வேண்டியவர் நாமே அன்றோ?