திரும்பிச் செல்ல வாக்களித்த தீவு

எவ்வகை வாழ்வை நல்வாழ்வு என்று கொள்வது என்னும் கேள்வி, நன்மை தீமைகளை ஆராயும் மெய்யியல் கிளையாகிய அறவியலின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. பெரும்பாலும் ஏடுகளுக்குள்ளேயே விவாதிக்கப்பட்டுவந்த அக்கேள்விக்கு ஒரு மீனவக் கிராமமே கூடி, மறைவான வாக்கெடுப்பின் மூலம் 1962 டிசம்பரில் விடையளித்தது. தென் அட்லாண்டிக் பெருங்கடலில் கேப் டவுனிலிருந்து சுமார் 2,800 கி.மீ. தொலைவில், விமானம் இறங்க இடமில்லாமல், ஒரு வாரக் கப்பல் பயணத்தால் மட்டுமே சென்றடையக் கூடியதாக இருக்கும் டிரிஸ்டன் டா குன்யா என்னும் எரிமலைத் தீவின் மக்கள்தாம் அவ்விடையை அளித்தவர்கள். 1961 அக்டோபரில் குடியிருப்பின் ஓரத்திலேயே எரிமலை வெடித்ததால் அவர்கள் அனைவரும் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே வேலையும் கூலியும் மின்விளக்கும் மருத்துவமனையும் அருகிலேயே கிடைக்கும் வாழ்க்கையை ஓராண்டுக்கு மேல் வாழ்ந்து பார்த்த பின்னர், 5 பேர் வேண்டாம் என்று சொல்ல, 148 பேர் தீவுக்கே திரும்புவது என்று வாக்களித்தனர்.

இம்முடிவைப் பேதைமை என்று ஒதுக்குவதும், நாகரிகத்தைத் துறந்த தவம் என்று போற்றுவதும் ஒன்றுபோலவே பொருந்தாதவை. எரிமலைக் குழம்பு அழித்துவிட்ட கல் இறால் பதப்படுத்தும் ஆலை மீண்டும் கட்டப்பட்டது. மூடிப்போன இறங்குதுறைக்கு மாற்றாக ஒரு சிறு துறைமுகம் 1967இல் அமைக்கப்பட்டது. தீவினர் பணத்தை வெறுக்கவும் இல்லை, இயந்திரப் படகை மறுக்கவும் இல்லை. அவர்கள் இங்கிலாந்தில் கண்ட குறை என்ன என்பதை அறிய, அந்தச் சமூகம் எந்த அடிப்படையில் தோன்றியது என்பதைப் பார்க்க வேண்டும்.

1816இல் அத்தீவில் நிறுத்தப்பட்டிருந்த பிரிட்டிஷ் படை மறு ஆண்டே விலக்கிக்கொள்ளப்பட்டபோது, வில்லியம் கிளாஸ் என்னும் கீழ்நிலைப் படைவீரர் தம் குடும்பத்துடனும் இரு தோழர்களுடனும் அங்கேயே தங்கிவிட்டார். 1817 நவம்பரில் அவர்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கை, கால்நடையும் பொருள்களும் எல்லோருக்கும் பொது என்றும், ஆதாயமும் செலவும் சமமாகப் பங்கிடப்படும் என்றும், ஒருவரும் பிறருக்கு மேலானவராகத் தம்மைக் கருதிக்கொள்ளலாகாது என்றும் வகுத்தது. பொருளைப் பொதுவாக வைக்கும் ஏற்பாடு நாளடைவில் குடும்பவாரியாகப் பிரிந்துபோனாலும், ஒருவர் மற்றவர்க்கு ஆணையிடுவதில்லை என்ற பகுதி மட்டும் தலைமுறைதோறும் நிலைத்தது. நிலம் இன்றும் பொதுச்சொத்து. ஒரு குடும்பம் செல்வத்தில் மற்றதை மிஞ்சிவிடாதவாறு கால்நடைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. 1937-38இல் நார்வே நாட்டு அறிவியல் குழுவுடன் அங்கே சென்ற சமூகவியலாளர் பீட்டர் மஞ்ச், அடுத்தவர் காரியத்தில் தலையிடாமையும் தன்மானமுமே தீவினரின் தலையாய விழுமியங்கள் என்று கண்டு, அச்சமூகத்தை ஆட்சியின்மை வழியில் இயங்கும் ஒன்றாக விவரித்தார்; ஆட்சியின்மை என்பது இங்கே குழப்பத்தைக் குறிக்காமல், ஏவுவாரும் ஏவப்படுவாரும் இல்லாமலே ஒழுங்கு நிலவுவதைக் குறிக்கிறது.

இங்கிலாந்தின் தொழிற்சாலையில் கிடைத்த கூலி தீவில் கிடைத்ததைவிட மிகுதி என்றாலும், அங்கே மணி அடித்தால் வந்து மணி அடித்தால் போக வேண்டியிருந்தது; ஒருவர் வராவிட்டால் அவர் இடத்தில் வேறொருவர் நிற்பார். தீவிலும் ஒரு மணி உண்டு: கடல் அடங்கிய விடியற்காலையில், தொங்கவிடப்பட்ட பழைய எரிவாயு உருளையைத் தட்டி அன்று தொழிலுக்குப் போகலாம் என்று அறிவிப்பார்கள். ஆனால் அந்த ஓசைக்குப் புறப்படும் படகில் ஆள் குறைந்தால் அந்தக் குறையைப் படகில் உள்ள அனைவரும் உணர்வர். உருளைக்கிழங்கு நிலத்தில் விளைச்சல் பொய்த்தவரின் வீட்டு அடுப்பை அண்டை வீட்டார் அறிவர். தன்னிறைவு என்று தாம் சொல்வது தனியொருவனின் நிறைவை அன்று, பெற்றோர், மக்கள், மனைவி, நண்பர், உடன்குடிகள் ஆகியோரோடு கூடிய வாழ்வின் நிறைவையே என்று அரிஸ்டாட்டில் விளக்கியதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். தான் இல்லாவிட்டால் நடவாது என்று சொல்லத்தக்க ஓர் இடம் மனிதனுக்கு வேண்டும். அந்த இடம் பறிபோனதைத்தான் தீவினர் இழப்பாக உணர்ந்தனர் என்று கொள்வது அவர்களின் வாக்குக்கு மிகவும் நேர்மையான விளக்கமாகத் தோன்றுகிறது.

ஆயினும் இவ்விளக்கத்தைக் கடுமையாகச் சோதிக்கும் நிகழ்ச்சி ஒன்று தீவின் வரலாற்றில் உண்டு. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் தீவின் வழியாகச் செல்லும் கப்பல்கள் அருகிப்போயின. அரிதாக வரும் கப்பலை மறித்துப் பண்டமாற்றுச் செய்வதற்கு ஆண்கள் படகெடுத்து நெடுந்தொலைவு துடுப்புப் போட வேண்டியிருந்தது. 1885 நவம்பரில் அவ்வாறு சென்ற 15 ஆண்கள் திரும்பவில்லை; வளர்ந்த ஆண்களில் பெரும்பாலோரை ஒரே நாளில் இழந்த தீவு, கைம்பெண்களின் தீவாயிற்று. லூயிஸ் கரோல் என்னும் புனைபெயரால் புகழ்பெற்ற எழுத்தாளரின் தம்பியும், அங்கே ஏற்கெனவே இறைப்பணி ஆற்றியவருமான எட்வின் டாட்ஜ்சன் மறு ஆண்டு மீண்டும் அங்கே சென்றார். இத்தகைய தனிமை மனித இயல்புக்கே ஒவ்வாதது, எல்லோரும் தீவை விட்டு நீங்குவதே நலம் என்பது அவர் கருத்து. கடவுளின் பாதுகாப்புத் திட்டத்தை, அதாவது உயிர்களின் நன்மைக்காக உலகை நடத்திச் செல்லும் இறைவனின் முன்னேற்பாட்டை நம்பிய ஒருவர், அந்நம்பிக்கையின் காரணமாகவே வெளியேறச் சொன்னார். அதே இறைவனை அதே சிறு கூட்டத்தில் வழிபட்ட பெண்களில் பலர், அந்நம்பிக்கையை விடாமலே தங்கினர். பேரிடரில் இறைவனின் கட்டளையைப் படிக்க முயலும் எவரும், ஒரே அலையிலிருந்து எதிரெதிரான இரு கட்டளைகளைப் படிக்கக் கூடும் என்பதை மறுப்பது கடினம். இறைவன் சொன்னதாகக் கூறி மற்றவர் வாழ்விடத்தைத் தீர்மானிப்பதைவிட, வாழ்கிறவரையே தீர்மானிக்க விடுவது பணிவுடைய செயல்; 1962இன் வாக்கெடுப்பு அந்தப் பணிவுக்கு இடமளித்தது.

அங்கே வாக்களிக்க இயலாதவர்களும் உண்டு: அன்று சிறுவராயிருந்தவர்களும் இனிப் பிறக்க இருந்தவர்களும். பெற்றோர் தேர்ந்த தனிமையைப் பிள்ளைகள் மரபுரிமையாகப் பெறுவது அறமாகுமா என்பதே இவ்விடத்தில் மிகக் கனமான கேள்வி. நகரத்தில் பிறக்கும் குழந்தையும் தன் ஊரைத் தேர்ந்துகொள்வதில்லை என்ற பதில் போதாது. நகரத்துப் பிள்ளை விலகிச் செல்ல ஒரு பேருந்து போதும், டிரிஸ்டன் பிள்ளைக்கு ஆண்டில் சிலமுறையே வரும் கப்பலில் இடம் வேண்டும். மேற்படிப்புக்காக இளையோர் வெளிநாடு செல்கின்றனர். சிலர் திரும்புகின்றனர், சிலர் திரும்புவதில்லை. 1963இல் திரும்பியவர்களிலேயே ஒரு பகுதியினர் 1966இல் மீண்டும் இங்கிலாந்துக்குப் போனார்கள். 250க்கும் குறைவான மக்கள்தொகையில் ஒவ்வொரு குடும்பத்தின் புறப்பாடும் ஊரின் ஆயுளையே பாதிக்கும் என்றாலும், அதைக் காட்டி ஒருவரைத் தடுத்து நிறுத்தினால் 1817இன் உடன்படிக்கையே முறிந்துபோகும்.

வருங்காலத்துக்குரிய பொருளாதாரமோ ஏறக்குறைய கல் இறால் என்னும் ஒரே ஓர் உயிரினத்தின் மீது நிற்கிறது. 2008இல் ஆலை தீக்கிரையானபோதும், 2011 மார்ச்சில் ஓலிவா என்னும் சரக்குக் கப்பல் பக்கத்துத் தீவான நைட்டிங்கேலில் மோதி எண்ணெய் பரவியபோதும், கல் இறால் இல்லாவிட்டால் என்ன மிஞ்சும் என்பது வெளிப்படையாயிற்று. 2020இல் தீவினர் தம் கடற்பரப்பில் சுமார் 7 லட்சம் சதுர கி.மீ. அளவைப் பாதுகாக்க இசைந்து, பெரும்பகுதியில் மீன்பிடியை அறவே விலக்கி, தமக்கென்று கரையோர நீரை வைத்துக்கொண்டனர். பிரிட்டிஷ் ஆட்சியின் கீழுள்ள அவர்களுக்கு அந்த அரசு பட்டிருக்கும் கடன் உதவித்தொகையோடு தீர்வதன்று. தங்குதலும் நீங்குதலும் இரண்டுமே உண்மையான தெரிவுகளாக இருக்கும் அளவுக்குக் கப்பல் வரவும், மருத்துவரும், இளையோர் கல்விச் செலவும் உறுதிப்பட வேண்டும், ஏனெனில் வெளியேற வழியில்லாமல் தங்கியிருப்பவரின் வாக்கை 1962இன் வாக்கோடு ஒப்பிட முடியாது.